மூணாந்தண்ணி

குப்பம்மா பெற்றது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் கண் அவள் கையாலேயே போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை, முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படிப் போயிற்று என்பதும், போன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதும்தான் மிச்சம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் செல்லி தாங்கல் என்று ஒன்று இருந்தது. ஏரி என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லாததை அந்தப் பக்கத்தில் தாங்கல் என்பார்கள். கரைமேல் செல்லியம்மன் கோயில். கோயிலுக்கு நேர் கீழே ஏழெட்டுக் கருங்கல் படி. அதுதான் துறை. சுற்றுவட்டாரத்தில் இருந்த நாலு தெரு ஜனமும், துப்பாக்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குழாய் வராத நாளில் அங்கிருக்கும் பெண்களும் குளிக்க வருகிற இடம்.

துறைக்கென்று சட்டதிட்டம் உண்டு. காலை ஐந்திலிருந்து எட்டு வரை பெண்கள். ஆண்கள் தூரத்தில், தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் போய்விடவேண்டும். அந்த நேரத்தில் எவனாவது கரைமேல் சைக்கிளில் போனால் மணியை விடாமல் அடித்துக்கொண்டு, முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டு போகவேண்டும். மணி இல்லாத சைக்கிள்காரர்கள் ஒரு மைல் சுற்றிப் போனார்கள். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் கால் வைக்கக்கூடாது. சோப்பு மேல்படியில், மஞ்சள் கீழ்ப்படியில். தண்ணீருக்குள் நிற்கிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, ‘ஏம்மே’ என்று மட்டும்தான் கூப்பிடலாம். இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை. மீறினால் வாய் நிறையத் திட்டுவதற்கு ஆள் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய வழக்கம் மூணாந்தண்ணி. அம்மை போட்ட பிள்ளைக்கு இறங்கும்போது தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றவேண்டும். முதல் இரண்டும் வீட்டு வாசலில், வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். மூன்றாவது தாங்கலில்தான். விடிகிற நேரம், அன்றைக்கு யாரும் கை வைக்காத தண்ணீராக இருக்கவேண்டும். ஊற்றுகிறவள் பிள்ளையை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி மூன்று முறை முக்குவாள். மூன்றாவது முக்கில் பிள்ளை தண்ணீருக்குள்ளேயே கண்ணைத் திறக்கவேண்டும், ஆத்தா கண் வழியாகத்தான் வெளியே போவாள் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். பிறகு அதே இடத்தில் ஒரு செம்பு மொண்டுபோய் வீட்டுச் சாமி மூலையில் மூன்று நாள் வைத்திருக்கவேண்டும். பிள்ளைக்கு எங்காவது அரித்தால், எரிந்தால், அந்தத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள்.

அதை ஊற்றும் உரிமை கஜபதியின் வீட்டுப் பெண்களுக்கு. குப்பம்மா அந்த வீட்டு மருமகள். குத்தம்பாக்கத்தில் பிறந்தவள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து அந்தப் பேரை வைத்தார்கள். நாற்று நட்டு வளர்ந்தாள், கஜபதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் நாற்றுதான் நட்டாள். தாங்கலுக்குக் கீழே அப்போது நெல் இருந்தது, அடுத்தவர் நெல். பத்து வருஷத்தில் அது போய்த் தாங்கலுக்கு மேலும் கீழும் பட்டறைகள் வந்தன. இதற்காக அந்தத் தெருவில் யாரும் அழவில்லை. சேற்றுப்புண் ஆறாமல் கால் விரலெல்லாம் வெந்து கிடந்த கஜபதி, பேன்ட் மாட்டிக்கொண்டு, டிபன் டப்பா எடுத்துக்கொண்டு, முலாம் பூசுகிற பட்டறைக்கு வேலைக்குப் போனான். வாசலில் நின்று அதைப் பார்ப்பதில் குப்பம்மாவுக்கு ஏகப் பெருமை.

எழுபத்தொன்பதில் மாமியார் போனதும் மூணாந்தண்ணி அவள் கைக்கு வந்தது. அவளுக்குப் பிள்ளையில்லை, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மலடி கையால் ஊற்றலாமா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழுகிற மாதிரியே முணுமுணுத்தார்கள், அதுவும் ஒரு ஊர் வழக்கம்தான். குப்பம்மா தன் வேலையைப் பார்த்தாள். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கி, முக்கி, துடைத்து, அவரவர் அம்மாக்களிடம் கொடுத்துவிட்டு வந்தாள். எண்பத்தொன்றில் கஸ்தூரி பிறந்தாள். பதிமூன்று வருஷம் காக்க வைத்து, இரண்டு வருஷம் வேலை வாங்கிக்கொண்டு ஆத்தா கூலி கொடுத்துவிட்டாள் என்று தெருவே சொன்னது. குப்பம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அதனால்தான் பிற்பாடு அந்த நம்பிக்கையை விட்டு அவளால் சுலபமாக இறங்க முடியவில்லை.

தண்ணீர் கெட்டது ஒரே நாளில் இல்லை. எண்பத்தாறு, எண்பத்தேழில் பட்டறைகள் பெருகின. மழைத்தண்ணீர் தாங்கலுக்கு வருகிற கால்வாய் துறைக்குப் பக்கத்திலேயேதான் வந்து விழும். அதில் சில நாள் பச்சையாக, சில நாள் மஞ்சளாக ஏதோ வந்தது. கெண்டைக் குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன, வெயில் ஜாஸ்தி என்றார்கள். உடம்பு அரித்தது, எவளோ தீட்டோடு இறங்கிவிட்டாள் என்றார்கள். எதற்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது.

குவார்ட்டர்ஸில் இருந்த சுசீலா மட்டும் வேறு மாதிரி சொன்னாள். திருநெல்வேலிக்காரி. புருஷனுக்குத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. அவள் பையனுக்கு எண்பத்துநாலில் குப்பம்மாதான் மூணாந்தண்ணி ஊற்றினாள், அதிலிருந்து இருவருக்கும் நல்ல பழக்கம். எண்பத்தொன்பது தையில் ஒருநாள் அவள் குளிக்காமல் மேல்படியிலேயே நின்றாள்.

“யக்கா, இந்தத் தண்ணில இனிமே பிள்ளையள இறக்காதிய. மேல உள்ள பட்டறைல இருந்து என்னத்தையோ திறந்து விடுதாங்களாம், எங்க வீட்டுக்காரங்க சொல்லுதாங்க. என் கையப் பாருங்க, ஒரு வாரமாத் தோல் உரியுது.”

“ஒங்க ஊட்டாண்ட கொயாத்தண்ணி வந்துட்ச்சி, அதான் தாங்கல் ஒனக்கு நாறுது” என்றாள் குப்பம்மா சிரித்துக்கொண்டே. “எங்கூட்டுக்காரரும் பட்டறையாண்டதான் வேல செய்றாரு. அப்டி ஒண்ணு கீதுன்னா எங்கையில சொல்லமாட்டாரா?”

சுசீலா படியேறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் துறைக்கு வரவில்லை. குப்பம்மா அன்றைக்குச் சாயங்காலம் கஜபதியிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே “ம்” என்றான். அந்த ‘ம்’மை அவள் அப்போது கவனிக்கவில்லை.

தொண்ணூறு பங்குனியில் கஸ்தூரிக்கு அம்மை போட்டது. ஒன்பது வயது. உடம்பு முழுக்க முத்து முத்தாக வந்து, நல்லபடியாகவே இறங்கியது. வாசலில் இரண்டு தண்ணீரும் ஊற்றியாயிற்று. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் என்று குறித்தாள் குப்பம்மா. எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊற்றியவள்தான், ஆனாலும் தன் பிள்ளைக்கு ஊற்றப்போகிறோம் என்பதில் அவளுக்கு இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. மஞ்சள் பாவாடை தைத்து வைத்தாள். பக்கத்து வீட்டு எல்லம்மாவை வேப்பிலை கொண்டுவரச் சொன்னாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த கஜபதி காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“இன்னொரு வாரம் கயிச்சி ஊத்தக்கூடாதா, குப்பு?” என்றான்.

“ஏன், ஆத்தாவுக்கு லீவு குடுக்கச் சொல்றியா?”

“இல்ல, கொயந்த ஒடம்பு இன்னும் தேறல.”

“நல்லாத் தேறிட்ச்சி. வெள்ளிக்கெயம சொல்லியாச்சி, மாத்தக்கூடாது. ஒனக்கு இன்னா தெரியும், போய்யா.”

அவன் போய்விட்டான். அவ்வளவுதான் அவன் சொன்னது. பிற்பாடு அவள் அந்த இரண்டு வாக்கியங்களையும் எத்தனை தடவை திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள் என்பதற்கு அளவில்லை. இன்னும் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் அவன் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விடியும்போது துறையில் குப்பம்மா, கஸ்தூரி, எல்லம்மா மூன்று பேர்தான். பங்குனி வறட்சியில் தண்ணீர் சுருங்கி, படியை ஒட்டிக் குட்டைபோல் நின்றது. குப்பம்மா தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் சுரீரென்றது. தண்ணீர் கையில் வழவழவென்று இருந்தது. எவளோ கீழ்ப்படியில் சோப்பு போட்டிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, சாமி நேரத்தில் திட்டக்கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டாள். பிள்ளையை இறக்கினாள்.

“ம்மா, எரியுதும்மா” என்றாள் கஸ்தூரி.

“எரியும். ஆத்தா எறங்க சொல்லோ எரியத்தான் எரியும். எல்லாக் கொயந்தைக்கும் எரிஞ்சிது.”

அது பொய்யில்லை. ஆறாத புண்ணோடு இறங்குகிற எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் எரியும். பத்து வருஷமாக எல்லாப் பிள்ளைக்கும் இதையேதான் அவள் சொல்லி வந்தாள். ஒரு முக்கு, இரண்டு முக்கு. மூன்றாவதுக்குப் பிள்ளை திமிறினாள். குப்பம்மா பிடரியை அழுத்திப் பிடித்தாள்.

“கண்ணத் தொற. நல்லாத் தொற. ஆத்தா போவட்டும்.”

கஸ்தூரி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. திறந்தாள்.

வெளியே வந்ததும் அவள் போட்ட கூச்சலில் கோயில் பூசாரி எழுந்து ஓடி வந்தார். எல்லம்மா பிள்ளையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தாவுக்குப் போக மனசில்லை, மல்லுக்கட்டுகிறாள் என்று இருவருமாகச் சொன்னார்கள். குப்பம்மாவின் கைத்தோலும் வெந்து சுருங்கியிருந்தது. அதையும் ஆத்தா கணக்கில்தான் அவள் சேர்த்தாள். அழுகிற பிள்ளையை எல்லம்மா தோளில் போட, குப்பம்மா வழக்கப்படி ஒரு செம்பு மொண்டுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று முழுக்கக் கஸ்தூரி கண்ணைத் திறக்கவில்லை. இமை வீங்கிக் கிடந்தது. குப்பம்மா வெள்ளைத் துணியைச் செம்புத் தண்ணீரில் நனைத்துக் கண்ணில் வைத்தாள். காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை. வைக்க வைக்கப் பிள்ளை துடித்தாள். துடிக்கத் துடிக்க, உள்ளே இன்னும் ஆத்தா மிச்சமிருக்கிறாள் என்று இவள் மறுபடி நனைத்தாள். சனிக்கிழமையும் அப்படியே. கஜபதி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு வைத்தாள், தின்னவில்லை. ஆசுபத்திரிக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டான். அம்மை வீட்டில் ஊசி பேச்சுப் பேசாதே என்று அவள் அடக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கஸ்தூரியின் வலது இமை கொஞ்சம் பிரிந்தது. உள்ளே கருவிழி இருக்கவேண்டிய இடத்தில் வேகவைத்த முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது. கஜபதி எழுந்தான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடினான். குப்பம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாள்.

பட்டணத்துக் கண் ஆசுபத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளையைக் கழுவி மருந்து விடுவதற்கு உள் அறைக்குக் கொண்டுபோனாள். இவர்கள் இரண்டு பேரும் டாக்டர் அம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

“கண்ணுல என்னம்மா விழுந்துச்சு?”

“ஒண்ணும் உயலீங்க. மூணாந்தண்ணி ஊத்தினேன். தாங்கல் தண்ணி. ஆத்தா எறங்க சொல்லோ கொஞ்சம் எரியும்.”

“வெறும் தண்ணி இப்படிப் பண்ணாதும்மா. சுண்ணாம்பா, ஆசிடா, எதுன்னு சொன்னாத்தான் நான் மருந்து போட முடியும்.”

“அட, தண்ணிதாங்க” என்றாள் குப்பம்மா.

“காஸ்டிக்கு” என்றான் கஜபதி.

குப்பம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டாக்டரை மட்டும் பார்த்துச் சொன்னான். “பட்டறைல எண்ணெப் பிசுக்கு எடுக்கறதுக்கு காஸ்டிக் சோடாத் தொட்டி கீதுங்க. வெள்ளிக்கெயம செக் பண்ண ஆள் வராங்கன்னு மொதலாளி தொறந்து உடச் சொன்னாரு. வியாயக்கெயம சாய்ந்தரம் நான்தான் வால்வு தொறந்தேன். கால்வா தாங்கலாண்டதான் போய் உய்து.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டாள். பிறகு, “வெள்ளிக்கிழமை காலைல பட்டிருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நடுவுல என்ன பண்ணீங்க?” என்றாள்.

“அதே தண்ணி ஒரு செம்பு ஊட்ல வெச்சிருந்தேன்” என்றாள் குப்பம்மா. “அதுல நனச்சி நனச்சி வெச்சிகினு இருந்தேன்.”

“எத்தனை தடவை?”

“மூணு வேள. ரெண்டு நாளு. இன்னிக்கிக் காலைலயும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அன்னைக்கே குழாய்த் தண்ணில அரைமணி நேரம் கழுவியிருந்தாக்கூடக் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கும்மா” என்றாள்.

வெளியே வராந்தாவில் குப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் தொணிய நனச்சி வெக்க சொல்லோ பாத்துகினுதான இருந்த?”

“பாத்துகினுதான் இருந்தேன்.”

“ஏன்யா சொல்லல?”

“மூணு வருசமா நான்தான் தொறந்து உட்டுகினு கீறேன் குப்பு. சொன்னா ஊரே வந்து பட்டறைய ஒடைக்கும். மொதலாளி என்ன வெச்சிருப்பாரா? கால்வா காஞ்சி கெடக்குது, அங்க வரிக்கும் போவாதுன்னு நெனச்சேன். கொயந்த கத்தின அன்னிக்கே தெரிஞ்சிது. தெரிஞ்சப்புறம் வாய் வரல.”

அவனை அங்கேயே கொன்றுபோட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கை கூடத் தூக்கிவிட்டாள். தூக்கிய கையைப் பார்த்தாள். பிடரியைப் பிடித்து அழுத்தியது அந்தக் கைதான். கண்ணைத் திற என்று சொன்னது அவள் வாய்தான். கையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

வலது கண் முழுக்கப் போயிற்று. இடது கண்ணில் வெளிச்சம், இருட்டு இரண்டும் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் ஆசுபத்திரிக்கு நடந்தும் அதற்கு மேல் வரவில்லை. இவர்கள் மூன்று பேரும் அதே ஒற்றை அறை வீட்டில் அதே மாதிரி இருந்தார்கள். கஜபதி அதே பட்டறைக்குப் போனான். போகாமல் என்ன செய்வான், சோறு அங்கிருந்துதான் வந்தது. இரவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுத்தார்கள். நடந்ததைப் பற்றி அந்த வராந்தாவுக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, பிள்ளையிடமும் சொன்னதில்லை. ஆத்தா கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று தெரு சொன்னதைப் பிள்ளையும் கேட்டாள், அதையே நம்பினாள்.

குப்பம்மா மூணாந்தண்ணி ஊற்றுவதை நிறுத்தினாள். ஆனால் ஊர் நிறுத்தவில்லை, எல்லம்மா எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் குப்பம்மா துறைக்கு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“தண்ணி கெட்டுப்போச்சிமே. எறக்காதீங்க.”

“எது கெட்டுச்சி? யார் கெடுத்தா?” என்று கேட்டார்கள்.

அந்த இடத்தில் அவள் வாய் அடைத்துப்போகும். கஜபதி என்று எப்படிச் சொல்வாள்? அவன் வேலையும் போய், ஊரும் உதைத்து, குருட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவது? அவன் எதற்காக வாயை மூடினானோ அதற்காகவேதான் அவளும் மூடினாள். இது அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததில்தான் பாதி உயிர் போயிற்று.

“ஒங்கொயந்தைக்கு ஆன ஆத்திரத்துல ஆத்தாவப் பயிக்காதமே” என்று எல்லம்மா அவளை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை இறக்குவாள். நல்லவேளையோ என்னவோ, யாருக்கும் கண் போகவில்லை. சொறி வந்தது, தோல் கருத்தது. தொண்ணூற்றுநாலு, தொண்ணூற்றைந்துக்குள் தாங்கல் நாற்றம் தாங்காமல் குளிக்க வருகிறவர்களே நின்றுபோனார்கள். துறைப்படியில் ஆகாயத்தாமரை ஏறிக்கொண்டது. வழக்கம் அதோடு செத்துத் தொலைந்தது என்று குப்பம்மா எண்ணினாள். அந்த ஒரு நிம்மதியாவது மிஞ்சும் என்று எண்ணினாள்.

அதுவும் மிஞ்சவில்லை. தொண்ணூற்றேழு சித்திரையில் எல்லம்மா பேரனுக்கு அம்மை கடுமையாகப் போட்டது. மூன்று நாளாகத் தூங்காத பிள்ளையை எல்லம்மா தூக்கிக்கொண்டு வந்து கஸ்தூரியின் மடியில் கிடத்தினாள். பதினாறு வயதுக் கஸ்தூரி வேப்பிலையால் தடவிக் கொடுத்தாள். பிள்ளை அசந்து தூங்கிவிட்டது. ஜுரம் இறங்கும் நேரம், இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எல்லம்மாவின் வாய்க்கு அது போதும்.

“கண்ண வாங்கிகினு அருளக் குடுத்துட்டா பாரு” என்று தெருத்தெருவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வேலப்பன்சாவடியிலிருந்து வந்தார்கள், திருமழிசையிலிருந்து வந்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏழு வருஷமாக வாசற்படியை ஒட்டிப் போட்ட பாயில் புளி ஆய்ந்துகொண்டு, யாராவது கூப்பிட்டாலொழியப் பேசாத பெண், விடியற்காலையில் எழுந்து தானாகக் குளித்தாள். மஞ்சள் புடவை கட்டினாள். வந்த குழந்தைகளிடம் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள். ஒருநாள் எதற்கோ சிரித்தாள். அடுப்படியில் இருந்த குப்பம்மாவுக்கு அந்தச் சிரிப்பு முதலில் யாருடையது என்றே தெரியவில்லை. தெரிந்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்து கதவோரம் நின்று பார்த்தாள். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குப் புரியவில்லை.

வைகாசி பிறந்ததும் நசரத்பேட்டையிலிருந்து கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று, மூணாந்தண்ணி கஸ்தூரி கையால் தாங்கலில் ஊற்றவேண்டும் என்று கேட்டாள். கஸ்தூரி முகமெல்லாம் மலர்ந்து, வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் குப்பம்மா அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். கஜபதி வேலையிலிருந்து வந்து சுவர் ஓரமாகப் படுத்திருந்தான்.

“கஸ்தூரி, ஒங்கண்ண ஆத்தா எடுத்துகினு போவலமே” என்றாள் குப்பம்மா.

எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறை, தொட்டி, வால்வு. வழவழவென்று இருந்த தண்ணீர். பிடரியை அழுத்தியது. செம்பு. துணி. மூன்று வேளை. டாக்டர் அம்மா சொன்ன அரைமணி நேரம். எதையும் விடவில்லை. ஏழு வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க உலை கொதிக்கிற நேரம் கூட ஆகவில்லை.

கஸ்தூரி அசையாமல் கேட்டாள். பிறகு, “நைனா இங்கதான் கீறாரா?” என்றாள்.

“கீறாரு.”

“அவுரு இன்னா சொல்றாரு?”

கஜபதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்குவது குப்பம்மாவுக்குத் தெரிந்தது. பெண்ணுக்குத் தெரிய வழியில்லை, ஆனால் அவள் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

“ம்மா” என்றாள் கஸ்தூரி. “ஆத்தா எடுத்துகினான்னா நான் இருந்துடுவேன். எதுக்கோ எடுத்தா, எதையோ குடுப்பா. நீங்க ரெண்டு பேருந்தான்னா, இந்த ஊட்ல நான் யார் கையால சோறு துன்றது?”

குப்பம்மா பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. அவ்ளோதான்.” கஸ்தூரி நிமிர்ந்து உட்கார்ந்து, “பசிக்குது, சோத்தப் போடு” என்றாள்.

குப்பம்மா எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து, அவள் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தாள். கஸ்தூரி கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நசரத்பேட்டைக்காரி பிள்ளையோடு வந்தாள். குப்பம்மா அவளைத் தெருமுனையிலேயே நிறுத்தினாள்.

“தாங்கலுக்குப் போவ வேணாம். ஆத்தா ஊட்டாண்டயே ஊத்தச் சொல்ட்டா. கண்ணு கிண்ணு தொறக்க வேணாம், மூடிகினே இருக்கட்டும். தண்ணி நான் கொண்டாறேன், நீ போய் ஒக்காரு.”

ஆத்தா அப்படி எதுவும் சொல்லவில்லை. இனி வருகிற ஒவ்வொருத்தியிடமும் இதையே சொல்லவேண்டும், சாகிற வரைக்கும் சொல்லவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கேட்டாண்டை இருக்கும் குழாய்க்கு நடந்தாள். போக ஒரு மைல், வர ஒரு மைல். அந்த இரண்டு மைலும் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தாள். வீட்டில் அழ முடியாது, பெண்ணுக்குக் காது ரொம்பக் கூர்மை.